திரும்பி நடப்பவர்கள்

இலோய்லோ ஊரில் தியோஃபிலோ ஓட்டுகிற ஜீப்னியில், ஆள் ஏற்றும் அந்த நீள ஜீப்பில், வருகிறவர்களுக்குக் கொஞ்ச காலமாக ஒரு விநோதப் பழக்கம் வந்திருந்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் இறங்குவார்கள். பிறகு வந்த வழியே திரும்பி நடப்பார்கள். ஓட்டுநர் கண்ணாடியில் இதைப் பார்த்துப் பார்த்து, பீலோ என்று ஊரார் கூப்பிடும் தியோஃபிலோவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"சனங்களுக்கு இப்பதான் உடம்பு மேல அக்கறை வந்திருக்கு," என்று பக்கத்து இருக்கையில் இருந்த மனைவி அடெல்ஃபாவிடம் சொன்னார். "அங்க பாரு, டீச்சர் பூரிசிமா. குதிகால் செருப்பைப் போட்டுக்கிட்டு நடைப்பயிற்சி!"

அவர் சொன்னது ஜீப்னியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. அவர் எப்போதுமே அப்படித்தான் பேசுவார். அடெல்ஃபா தலையைக் குனிந்துகொண்டாள். பின் பெஞ்சுகளில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே எதையோ அக்கறையாகப் பார்த்தார்கள்.

இலோய்லோக்காரர்கள் சண்டை போட்டாலும் தாலாட்டுப் பாடுகிற மாதிரிதான் இருக்கும் என்று மணிலாக்காரர்கள் கேலி பேசுவார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. அந்த ஊரில் கடன்காரனைக்கூடக் கொஞ்சிக் கொஞ்சித்தான் திட்டுவார்கள். குரலை உயர்த்துகிறவனை வளர்ப்பு சரியில்லாதவன் என்று நினைப்பார்கள். ஜீப்னியை நிறுத்த வேண்டுமானால் "லுகார் லாங்" என்று சொல்ல வேண்டும். ஓரமாக விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். ஒரு தடவை சொல்வார்கள். வண்டி நிற்காவிட்டால் இன்னொரு தடவை, முன்னதைவிடக் கூச்சமாக. மூன்றாம் தடவை சொல்வது மரியாதையில்லை. அதற்குப் பதிலாக, அடுத்து யாராவது இறங்கும்போது கூடவே இறங்கி, திரும்பி நடந்து போவார்கள். அடைமழையானாலும் நடப்பார்களே தவிரக் கத்த மாட்டார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் போய் ஒரு மனிதனுக்குக் காது மந்தமானால் என்ன ஆகும்? யாரும் அவனிடம் சொல்லக்கூட மாட்டார்கள்.

முழங்காலுக்குப் பக்கத்தில் டீசல் எஞ்சினை வைத்துக்கொண்டு பாதி ஆயுளை ஓட்டியவர் பீலோ. காது போனது அவருக்கே தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. ஹாரன் கேட்கிறது, நாய் குரைப்பது கேட்கிறது, பிறகு எப்படிச் செவிடு? பேச்சு மட்டும்தான் குழைந்துபோன கஞ்சி மாதிரி வருகிறது. அதற்கு அவர் என்ன செய்வார்? ஜனங்கள் வாயைத் திறந்து பேசுவதில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பீலோவுக்கு ஊர் வாயெல்லாம் கோணல். கண்ணாடியில் பயணிகளின் உதடு அசைவது தெரியும். வழி நெடுகத் தேவாலயங்கள். ஒவ்வொன்றையும் கடக்கும்போது சிலுவைக்குறி இட்டு ஜபம் சொல்கிற ஜனம். ஆக, உதடு அசைந்தால் ஜபம் என்று எடுத்துக்கொண்டார். "நம்ம வண்டியில பக்தி ஜாஸ்தி," என்று ஒரு தடவை பெருமைப்பட்டதும் உண்டு.

அடெல்ஃபா பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவள். நல்ல கை. ஒரு நாள் தையல் மெஷினை மூடிவிட்டு, "வீட்டுல புழுக்கம் தாங்கல, உன் கூடக் காத்தாட வர்றேன்," என்று முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. பின்னாலிருந்து யாராவது "லுகார் லாங்" என்றால் அவள் கை பீலோவின் முழங்காலை லேசாகத் தட்டும். பீலோ நிறுத்துவார். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அது பாட்டுக்கு நடந்தது. வண்டியின் கடைக்கோடியில் இருப்பவர்களின் குரல் மட்டும் அவளுக்கும் எட்டாது. நடைப்பயிற்சிக்காரர்கள் அவர்கள்தான்.

இன்னொன்றும் நடந்தது. கல்யாணமான நாளிலிருந்து அடெல்ஃபா அவரைப் "பலங்கா" என்றுதான் கூப்பிடுவாள். அந்த ஊரில் ஆசைப்பட்டவர்களைக் கூப்பிடுகிற வார்த்தை அது. செல்லமே, கண்ணே, எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் அதைக் கத்திச் சொல்ல முடியாது. கத்தினால் அது திட்டு மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டு மூன்று தடவை கத்திப் பார்த்தாள், அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை. அப்புறம் "பீலோ!" என்றே கூப்பிடத் தொடங்கினாள்.

பக்கோலோடில் இருந்த மகள் ஜோவலினுக்குத் தலைப்பிரசவம் நெருங்கியது. கடலைத் தாண்டி அந்தக் கரை. படகில் ஏறினால் காலைப் பலகாரம் செரிப்பதற்குள் போய்விடலாம். அம்மா வந்து ஒரு மாதமாவது இருக்க வேண்டும் என்று அவள் போனில் அழுதாள்.

"நான் போகப்போறேன்," என்றாள் அடெல்ஃபா, இரவுச் சாப்பாட்டின்போது, பீலோவின் முகத்துக்கு நேராக.

"போயேன். யார் வேணாம்னது?"

"நீ எப்படி ஓட்டுவ?"

"நீ வர்றதுக்கு முன்னால யார் ஓட்டினா? என் தாத்தாவா?"

அடெல்ஃபா கரண்டியைக் கீழே வைத்தாள். "சரி. நாளைக்கு நான் வரல. தனியாப் போய்ட்டு வா. சாயங்காலம் பேசிக்கலாம்."

மறுநாள் நல்ல மழை. பீலோ விசில் அடித்தபடி கிளம்பினார். முழங்கால் காலியாக இருப்பது முதல் சுற்றிலேயே உறுத்தியது. யார் எழுந்திருக்கிறார்கள் என்று கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். கண்ணாடியைப் பார்த்தால் சாலை தெரியவில்லை, சாலையைப் பார்த்தால் கண்ணாடி தெரியவில்லை. லா பாஸ் சந்தையைக் கடந்து கொஞ்ச தூரம் போனதும் யாரோ வண்டியின் தகட்டில் மடார் மடார் என்று அடிக்கிற அதிர்வு ஸ்டியரிங் வழியாக வந்தது. நிறுத்தினார்.

மீன்காரி லூடிங் பின்வாசல் வழியாக இரண்டு மீன் கூடைகளோடு இறங்கிக்கொண்டிருந்தாள். அவள் எதிர்த் தீவிலிருந்து வருகிறவள், கடற்காற்றில் பேசிப் பழகிய தொண்டை. இறங்கிய வேகத்தில் வழுக்கியது. ஒரு கூடை கவிழ்ந்து மீனெல்லாம் சாக்கடை ஓரத்தில் சிதறியது.

பீலோ குதித்து ஓடினார். மழையில் மண்டியிட்டு மீனைப் பொறுக்கினார். லூடிங் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் வாய் ஓயாமல் அசைவது தெரிந்தது. சத்தமும் கேட்டது. வார்த்தை மட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. அவர் தலையை ஆட்டினார், சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் லூடிங் நிறுத்திவிட்டாள். கையில் மீனோடு அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, முகத்துக்கு முன்னால் வாயை அகலத் திறந்து, அண்ணனைக் கூப்பிடுகிற 'நோங்' போட்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நோங் பீலோ. சந்தையிலேர்ந்து கத்துறேன். நாலு வாட்டி. உங்களுக்குக் காது கேக்கல."

வண்டிக்குள் இருந்தவர்களை அவர் பார்த்தார். எல்லாரும் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. ஒருவராவது 'அப்படியா!' என்பதுபோல நிமிர்ந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தது தான் ஒருவர்தான் என்பது அந்த மழையில் அவருக்கு விளங்கியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் மேலெல்லாம் மீன் நாற்றம். அடெல்ஃபா துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"எங்க போய்க் காட்டணுமோ, அங்க போகலாம்," என்றார் பீலோ.

காது பரிசோதிக்கிற இடத்தில் கிரிசாந்தா என்றொரு இளம்பெண் இருந்தாள். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள். பீலோ நன்றாகத்தான் அழுத்திக்கொண்டிருந்தார். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பரிசோதனை முடிந்துவிட்டதாக்கும் என்று அவர் எழுந்தார். வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அடெல்ஃபா வாயைப் பொத்திக்கொண்டு அழுவது தெரிந்தது. அந்த அறையிலிருந்து கசிந்த கீச்சுச் சத்தங்கள் கதவுக்கு வெளியே நின்ற அவளுக்கே கேட்டிருக்கின்றன.

"கனமான சத்தமெல்லாம் உங்களுக்குக் கேக்குது, தியோஃபிலோ ஐயா," என்றாள் கிரிசாந்தா, அவரைப் பார்த்து நிதானமாக. "மெல்லிசான சத்தங்கதான் போயிடுச்சு. பேச்சுல வார்த்தையைப் பிரிச்சுக் காட்டுறதே அதுதான். அதான் எல்லாரும் முணுமுணுக்கிற மாதிரி இருக்கு. எஞ்சின் பண்ணின வேலை. ஜன்னல் பக்கத்துக் காது இன்னும் மோசம்."

"அப்ப சனங்க வாயில கோளாறு இல்லையா?"

"இல்லை ஐயா."

"அடக் கடவுளே. எத்தனை பேரைத் திட்டியிருக்கேன்!"

காதுக் கருவிக்கான செலவை ஜோவலின் ஏற்றுக்கொண்டாள். அம்மா வந்து சேர வேண்டுமே என்ற சுயநலம்தான் என்று அவளே சிரித்தாள். முந்திரிக்கொட்டை அளவுக்கு இரண்டு. காதுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும், மெல்லிய கம்பி ஒன்று காதுக்குள் போகும். ராத்திரி போனைப் போலச் சார்ஜ் போட வேண்டும். பீலோ கேட்ட முதல் கேள்வி, "வெளிய தெரியுமா?"

மாட்டிய அன்று அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கிரிசாந்தா காகிதத்தைப் புரட்டியது தகரத்தைக் கிழிப்பதுபோல இருந்தது. வீட்டில் எண்ணெயில் வெங்காயம் விழுந்ததும் துள்ளிக் குதித்தார். தன்னுடைய மெல்லும் சத்தத்தைத் தானே கேட்டுப் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். அடெல்ஃபாவின் வீட்டுச் செருப்பு சரக் சரக் என்று அறை அறையாகப் போவதைக் கேட்டுக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவள் இவ்வளவு நடக்கிறாளா என்று இருந்தது. அது மட்டும் பிடித்திருந்தது.

ஜீப்னியில் மாட்டிக்கொண்டு போனது பெரிய தப்பாகிவிட்டது. வண்டியின் ஒவ்வொரு ஆணியும் தனித்தனியாக அழுதது. எஞ்சின் மண்டைக்குள்ளேயே ஓடியது. பின்னாலிருந்து வந்த பேச்சு அந்தக் களேபரத்தில் எங்கோ மூழ்கிப்போனது. முதல் சுற்று முடிவதற்குள் பிடுங்கி, கண்ணாடியில் ஜபமாலை தொங்குமிடத்துக்குக் கீழே இருந்த டப்பாவில் போட்டு மூடினார்.

"கழட்டாதீங்கன்னு அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொன்னா," என்றாள் அடெல்ஃபா.

"அவ வந்து இந்த வண்டியில உக்காரட்டும், அப்பத் தெரியும்!"

செவிடன் காதில் ஊதின சங்கு என்று அடெல்ஃபா விட்டுவிடவில்லை. போய்ச் சொன்னாள். கிரிசாந்தாவும் வந்தாள். சனிக்கிழமை காலை, ஹாரோ சதுக்கத்தில் கையில் போனோடு ஏறி, முன் இருக்கையில் அடெல்ஃபாவை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். "மாட்டிக்கங்க ஐயா. எப்பவும் போல ஓட்டுங்க. நான் இங்கேர்ந்தே திருகுறேன்."

போனைத் தடவித் தடவி அவள் எதையோ மாற்றினாள். எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது, யாரோ போர்வையைப் போட்டு மூடியது மாதிரி. ஆணிகள் அடங்கின. "முன்னால வர்றதை விட்டுட்டு, பின்னாலேர்ந்து வர்ற பேச்சைப் பிடிக்கிற மாதிரி வைக்கிறேன்," என்றாள். "வேணும்னா நீங்களே உங்க போன்ல மாத்திக்கலாம்."

பின்னாலிருந்து குரல்கள் வந்துகொண்டிருந்தன. யாரோ ஒருத்தி சந்தையில் கத்தரிக்காய் விலையைப் பற்றி வருத்தப்பட்டாள். ஒரு குழந்தை மூக்கை உறிஞ்சியது. எத்தனை வருஷம் கழித்து! தன் வண்டிக்குள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. தொப்பியை இழுத்துவிட்டு, கழுத்துத் துண்டைக் காது வரை ஏற்றிக்கொண்டு, முகத்தை ஒன்றும் தெரியாததுபோல வைத்துக்கொண்டு ஓட்டினார்.

அப்போது ஒரு புது மாணவனின் குரல் கேட்டது. "லுகார் லாங்." கடைக்கோடியிலிருந்து. அடெல்ஃபாவுக்கு எட்டவில்லை, அவள் கை அசையவில்லை. பீலோ பிரேக்கில் காலை வைக்கப் போனார். அதற்குள் அந்தப் பையன் குரலை உயர்த்தினான். "நோங்! லுகா..."

"உஷ்! கத்தாத, தோத்தோ." டீச்சர் பூரிசிமாவின் குரல். தோத்தோ என்றால் தம்பி. "அவருக்குக் காது கேக்காது. கத்தினா மனசு கஷ்டப்படும்."

"அப்ப எப்படி இறங்குறது?"

"அந்தம்மா காதுல விழுந்தா நிறுத்துவாரு. விழலேன்னா கொஞ்சம் தள்ளி இறங்கி நடந்துக்க. நாங்க எல்லாரும் அப்படித்தான். நல்ல மனுஷன், தோத்தோ. என் வீட்டுக்காரர் செத்தப்ப சவ ஊர்வலத்துக்கு இந்த வண்டியத்தான் கொடுத்தாரு, ஒரு காசு வாங்கல."

பீலோவின் கால் பிரேக்குக்கு மேலே அப்படியே நின்றது. நடைப்பயிற்சி. குதிகால் செருப்போடு. கண் கலங்கி முன்னால் சாலை நனைந்துபோனது. சட்டென்று வண்டியை ஓரம் கட்டிவிட்டு, எஞ்சின் சூடாகிவிட்டது என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். அந்தப் பையன் இறங்கிக்கொண்டான். கிரிசாந்தா அவரைத் திரும்பிப் பார்த்தாள். போனைப் பைக்குள் வைத்தாள்.

அடெல்ஃபா கிளம்பிய அன்று படகுத்துறைக்கு அவரே கொண்டுபோய் விட்டார். மகளுக்கு மூட்டை மூட்டையாகப் பழந்துணி, கொதிக்கவைக்க மூலிகை, லா பாஸ் சந்தையில் வாங்கிய நூடுல்ஸ். சீட்டைக் காட்டிவிட்டு அவள் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனாள். நாலடி நடந்தவள் நின்றாள். திரும்பவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு, வீட்டுக்குள் பேசுகிற குரலில் சொன்னாள்.

"பலங்கா. ரத்தக் கொதிப்பு மாத்திரைய மறந்துடாத."

"மறக்கல," என்றார் பீலோ. "பையில இருக்கு."

அவள் தோள் குலுங்கியது. அப்போதும் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் ஆட்டிவிட்டு, அழுதுகொண்டே படகை நோக்கிப் போனாள். பீலோ கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வார்த்தை இத்தனை நாள் எங்கும் போயிருக்கவில்லை, அவர்தான் அதை விட்டுப் போயிருந்தார்.

திங்கட்கிழமை தனியாகக் கிளம்பினார். தொப்பி, துண்டு, இரண்டு காதிலும் கருவி. பயமே இல்லை. ஆனால் அவர் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவரை யாருமே கூப்பிடவில்லை.

முன் இருக்கை காலி என்பதை ஜனங்கள் பார்த்துவிட்டார்கள். அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள், பாவம் தனியாக ஓட்டுகிறார் என்று அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு ஆகிவிட்டது. கடைக்கோடியிலிருந்து ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் "சதுக்கத்துல" என்று கிசுகிசுப்பார். அவர் அடுத்தவரிடம் சொல்வார். வண்டிக் கட்டணம் கைமாறிக் கைமாறி முன்னால் வருவதுபோலச் சொல்லும் வாய் மாறி வாய் மாறி வந்தது. கடைசியாக ஓட்டுநருக்குப் பின்னால் இருப்பவர் அவர் தோளை மெல்லத் தட்டுவார். பீலோவுக்கோ கடைக்கோடியிலேயே கேட்டுவிட்டது.

கேட்டதும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் என்ன அர்த்தம்? காது கேட்கிறது என்று அர்த்தம். காது கேட்கிறதென்றால் இத்தனை நாள் கேட்கவில்லை என்று ஆகிவிடும். அதை அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்ட மாதிரி. அந்தக் கூச்சம் ஒரு மனிதனை என்னவெல்லாம் செய்ய வைக்கிறது பாருங்கள். சொல் வாய் மாறி வந்து சேரும்வரை, தோளில் தட்டு விழும்வரை, ஒன்றும் கேட்காதவர்போலக் காத்திருந்தார். அதற்குள் வண்டி சதுக்கத்தைத் தாண்டிவிட்டது. இறங்கியது ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரி. கண்ணாடியில் பார்த்தார். வெயிலில் ஒரு கையை இடுப்பில் முட்டுக் கொடுத்துக்கொண்டு, அவள் திரும்பி நடந்தாள்.

ஜோவலினுக்கும் இந்நேரம் அதே வயிறுதான்.

காது கேட்காமல் அவர்களை நடக்கவைத்தது விதி. கேட்டும் நடக்கவைப்பதற்கு என்ன பெயர்? தன்னையே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது அவருக்கு. நேராக லா பாஸ் சந்தைக்கு ஓட்டி, மீன் கூடைகளோடு காத்திருந்த லூடிங்கின் காலடியில் வண்டியை நிறுத்தினார். அவள் ஏறி உட்காரும்வரை பொறுத்தார். எஞ்சினை அணைத்தார். வண்டிக்குள் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பீலோ திரும்பினார். துண்டை எடுத்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கக் காதைக் காட்டினார், பிறகு அந்தப் பக்கக் காதை.

"எனக்கு..." என்று வழக்கமான குரலில் ஆரம்பித்தார். அது வண்டி அதிரக் கேட்டது. அவருக்கே கேட்டது. கூசிப்போய்க் குரலைத் தணித்துக்கொண்டார். "எனக்குக் காது கேக்காம இருந்துச்சு. ரொம்ப நாளா. இப்ப மெஷின் போட்டிருக்கேன், கேக்குது. உங்களையெல்லாம் நடக்க வச்சுட்டேன். இனிமே யாரும் தோளைத் தட்ட வேணாம். கூப்பிடுங்க. மெதுவாவே கூப்பிடுங்க."

பிறகு இலோய்லோ தன் குணத்தைக் காட்டியது.

"அய்யோ, நோங், உங்களுக்குக் காது கேக்காதா?" என்றார் டீச்சர் பூரிசிமா, கண்ணை அகல விரித்து. "எங்களுக்குத் தெரியவே தெரியாதே!"

"ஆமா, தெரியாதே," என்றான் அந்தப் புது மாணவன்.

"சத்தியமாத் தெரியாது," என்றார் ஒரு கிழவர். "நான் நடந்தது சர்க்கரை வியாதிக்கு. டாக்டர் சொன்னாரு."

"பொய்!" என்றாள் லூடிங். "எல்லாம் பச்சைப் பொய், நோங் பீலோ! ஊரே வாயை மூடிக்கிட்டு நடந்துச்சு, நான் ஒருத்திதான் கத்தினேன். இனிமே நானும் மெதுவாப் பேசணுமா? எனக்கு அது வராது, சொல்லிட்டேன்!"

"நீ கத்து, லூடிங்," என்றார் பீலோ. "நீ கத்தாம இருந்தா நான் இன்னும் அப்படியேதான் இருந்திருப்பேன். ஆனா கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பிக் கத்து."

வண்டியே சிரித்தது. அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக அவருக்குக் கேட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு எஞ்சினைக் கிளப்பினார்.

பள்ளிக்கூட வாசல் நெருங்கியது. டீச்சர் பூரிசிமா கடைக்கோடியில், பின்வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். பீலோ கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று வைராக்கியமாக முன்னால் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். வண்டிக்குள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். டீச்சர் வேண்டுமென்றேதான் செய்தார் என்று நினைக்கிறேன். தூங்குகிற குழந்தையின் காதில் சொல்வதுபோல, உதடு பிரியாமல் சொன்னார்.

"லுகார் லாங்."

பீலோ பிரேக்கை அழுத்தினார். பள்ளி வாசலுக்கு நேராக, ஒரு முழம் முன்னும் இல்லை பின்னும் இல்லை, வண்டி நின்றது. டீச்சர் குதிகால் செருப்போடு இறங்கி, வாசலுக்குள் போகாமல், அவர் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். ஜன்னல் விளிம்பில் இருந்த அவர் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அடெல்ஃபாவின் போன் வந்தது. அவள் குரல் கருவி வழியாக நேரே இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது. ஜோவலினுக்கு இன்னும் வலி எடுக்கவில்லை, மாப்பிள்ளை நல்ல மாதிரி, சோறுதான் குழைத்துவிடுகிறான் என்றெல்லாம் சொன்னாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். அவள் மூச்சு விடுவதுகூட அவருக்குக் கேட்டது.

"பலங்கா. வண்டி எப்படி ஓடுச்சு?"

"காலைல சதுக்கத்துல ஒரு பொண்ணை நடக்க விட்டுட்டேன். நாளைக்கு அவளைப் பார்த்து மன்னிப்புக் கேக்கணும்," என்றார் பீலோ. "அதுக்கப்புறம் யாரும் திரும்பி நடக்கல."